பூங்கா இடம் மனையாகும் முன்: குடியிருப்போர் புகார் எழுதும் முறை

"எங்கள் நகரில் விதிமீறல் பெருகிவிட்டது, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதும் மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும். அங்கிருந்து கோப்புக்குள் போகும். அதோடு சரி. அந்த மனுவைப் படிப்பவருக்கு எந்த நிலம், எந்த அனுமதி, எந்த விதி என்பது தெரியாது. தெரியாதது அவருக்கு வசதியாகவும் இருக்கும். புகாரில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: நிலத்தின் சர்வே எண், மனைப்பிரிவு அல்லது கட்டட அனுமதி எண், ஏற்கெனவே கொடுத்த மனுவின் ந.க. எண் (அந்த மனுவுக்கு அலுவலகம் போடும் கோப்பு எண்). முதல் இரண்டு இல்லாமல் பேனாவையே எடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் வீட்டுமனைகள், கட்டடங்கள், உள்ளாட்சி அமைப்புகள் பற்றிப் புகார் செய்ய நினைக்கும் குடியிருப்போருக்கு இது. கையகல நிலத் தகராறுக்கும் பக்கத்து வீட்டுச் சண்டைக்கும் இது உதவாது. அவை உரிமையியல் நீதிமன்றத்தின் விஷயம்.

முதலில் நிலத்தைப் பிடியுங்கள்

தெருப் பெயரையும் நகர்ப் பெயரையும் வைத்துக் கோப்பு தேட முடியாது. "லட்சுமி நகர்" என்றால் ஒரே தாலுகாவில் நான்கு இருக்கும். உங்கள் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில் கிராமத்தின் பெயரும் பழைய சர்வே எண்ணும் இருக்கும். அதை வைத்து அரசின் இணைய சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (எஃப்.எம்.பி., நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுங்கள். அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். அது ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்க்கால் என ஏதாவது ஒரு புறம்போக்காக இருந்தால் உங்கள் புகார் திசை மாறுகிறது. அப்போது அது நகரமைப்புப் பிரச்சினை இல்லை. வருவாய்த் துறையின் ஆக்கிரமிப்புப் பிரச்சினை. மனு வட்டாட்சியருக்குப் போக வேண்டும். ஏரி என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிடலாம்.

பழைய சர்வே எண் உட்பிரிவு ஆகியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். 112/3 என்பது மனைப்பிரிவுக்குப் பிறகு 112/3ஏ1, 3ஏ2 என்று கிளை விட்டிருக்கும். பழைய எண்ணில் மட்டும் வில்லங்கம் போட்டுவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகத் திரும்புகிறவர்கள் நிறைய.

வரைபடம், கணக்கு, தானப் பத்திரம்

புகார்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்குத்தான் வரும்: பூங்கா என்று காட்டி விற்ற இடத்தில் இப்போது வேலி விழுந்திருக்கிறது. இதை நிரூபிப்பது நினைப்பதைவிட எளிது. ஆனால் வரிசை மாறக் கூடாது.

அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகலை முதலில் வாங்குங்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) கோப்பு, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) மாவட்ட அலுவலகக் கோப்பு. விற்பனைக்காரர் கொடுத்த வண்ணப் படத்தை ஆதாரமாக வைக்காதீர்கள். அதில் பச்சை நிறத்தில் இருக்கும் பூங்கா, அரசு முத்திரை விழுந்த படத்தில் பல நேரம் இருப்பதில்லை. அப்படி இல்லையென்றால் நீங்கள் போராட வேண்டியது உள்ளாட்சியோடு அல்ல, விற்றவரோடு.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி திறந்தவெளி ஒதுக்கீட்டை (ஓ.எஸ்.ஆர்.) பரப்பளவு முடிவு செய்கிறது. 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடு தேவையில்லை. 3,000 முதல் 10,000 வரை, சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதம் விட வேண்டும். இடம் விட முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால் இடமாகவே கொடுக்க வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. இதனால்தான் ஒரே நிலத்தை இரண்டு மூன்று துண்டாக்கித் தனித்தனி மனைப்பிரிவாக அனுமதி வாங்கும் வேலை நடக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சர்வே எண்களின் வரைபடங்களையும் கேட்டு வாங்கி ஒட்டிப் பாருங்கள். சாலைகள் நேராக ஒன்றோடொன்று சேர்ந்தால் கேள்வி எழுப்ப இடமிருக்கிறது.

கணக்கு இப்படி. மூன்று ஏக்கர் மனைப்பிரிவு என்று வைப்போம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், மூன்றுக்கு 12,141. வரைபடத்தில் சாலைப் பரப்பு 3,641 என்று போட்டிருந்தால் மிச்சம் 8,500. அதில் பத்து சதவீதம் 850 சதுர மீட்டர், அதாவது 21 சென்ட். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் பரப்பளவு அட்டவணையில் இந்த எண் வருகிறதா என்று பாருங்கள். பிறகு டேப்பைப் பிடித்துத் தரையில் அளந்து பாருங்கள். மனுவில் "பூங்காவைக் காணோம்" என்று எழுதாமல் "850 சதுர மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 510 மட்டுமே திறந்த நிலையில் உள்ளது, வடகிழக்கு மூலையில் 340 சதுர மீட்டரில் கம்பி வேலி" என்று எழுதினால் அதைப் படிக்கும் சர்வேயர் வந்து அளந்தே ஆக வேண்டும்.

அடுத்தது தானப் பத்திரம். சாலையையும் பூங்காவையும் விற்பனையாளர் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பத்திரம் வில்லங்கச் சான்றில் தெரியும். தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில்தான் ஓட்டை. தானம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். உள்ளாட்சியில் யாரும் பட்டா மாற்றத்துக்கு மனுப் போட்டிருக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, அந்தப் பட்டாவைக் காட்டியே இடம் வேறொருவருக்குக் கைமாறும். எனவே தானப் பத்திரம் இருந்தாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறது, உள்ளாட்சியின் அசையாச் சொத்துப் பதிவேட்டில் இந்த இடம் ஏறியிருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். ஏறவில்லை என்றால், ஆக்கிரமிப்பு இன்னும் நடக்காவிட்டாலும் இன்றைக்கே மனுப் போடுங்கள். "தானப் பத்திர எண் இன்னது, பட்டா மாற்றம் செய்து பதிவேட்டில் சேர்க்கவும்" என்ற அந்த மூன்று வரி மனு, பிறகு போடப்போகும் பத்து ஆக்கிரமிப்பு மனுவுக்குச் சமம்.

பூங்கா என ஒதுக்கிய இடத்தைத் தனியாருக்குத் திருப்பிவிட முடியாது என்பதையும், அதை எதிர்த்துக் கேட்க அந்தப் பகுதிக் குடியிருப்போருக்கு உரிமை உண்டு என்பதையும் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெங்களூரில் ஒரு பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கு அது. "உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

கட்டடம் என்றால் வேகம்

மனைப்பிரிவுப் புகார் வருஷக் கணக்கில் நிற்கும். கட்டடப் புகாருக்கு அந்த அவகாசம் கிடையாது. அஸ்திவாரம் போடும்போது கொடுத்த மனுவும் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு கொடுத்த மனுவும் சட்டத்தின் முன் ஒன்றுதான், அலுவலகத்தில் ஒன்றல்ல. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பிரிவு 57 நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதற்கு, பிரிவு 56 கட்டி முடித்ததை அகற்றுவதற்கு. தூண் எழும்பும் கட்டத்திலேயே 57-ஐக் குறிப்பிட்டு "பணி நிறுத்த அறிவிப்பு வழங்கவும்" என்று கேளுங்கள்.

வேலை நடக்கும் இடத்தில் அனுமதி விவரங்கள் எழுதிய பலகை இருக்க வேண்டும். அதைப் படமெடுங்கள். பலகையே இல்லை என்றால் வெறுமையான முன்பக்கத்தைப் படமெடுங்கள்; அதுவும் ஆதாரம்தான். பலகையில் தளங்களின் எண்ணிக்கை இருந்தால் எழும்பும் தளங்களோடு ஒப்பிடுங்கள். தரை மட்டத்தில் வண்டி நிறுத்தத்துக்கு என்று விட்ட தளத்தில் சுவர் எழும்புகிறதா என்று பாருங்கள். மிகச் சாதாரணமாக நடக்கும் மீறல் இது. பிறகு அது கடையாகிவிடும், வண்டிகள் உங்கள் தெருவில் நிற்கும். 18.30 மீட்டருக்கு மேல் போனால் உயர்மாடிக் கட்டடம், விதிகளே வேறு.

பக்கவாட்டு இடைவெளியை அளக்க அடுத்தவர் இடத்துக்குள் நுழையாதீர்கள். மதில் சுவரிலிருந்து கட்டடச் சுவர் வரை உங்கள் பக்கமிருந்தே டேப்பை நீட்டி, எண் தெரியும்படி படமெடுங்கள். வரைபடம் மீட்டரில் இருக்கும், மேஸ்திரி அடியில் சொல்வார்: ஒரு மீட்டர் 3.28 அடி. வாரத்துக்கு ஒரு படம், ஒரே இடத்தில் நின்று, தேதியோடு. ஆறு படங்களை வரிசையாக ஒட்டினால், அறிவிப்பு கொடுத்த பிறகும் வேலை நடந்தது தானாகத் தெரியும்.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரையான தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அதாவது அனுமதிக்கு முன் அதிகாரி வந்து பார்ப்பதில்லை. ஆகவே "அதிகாரி எப்படி அனுமதித்தார்?" என்று கேட்பது வீண். "சுயசான்றில் சொன்னதற்கு மாறாகக் கட்டப்படுகிறது" என்பதே இங்கே சரியான புகார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாடி எழும்பினால் வெயில் மறையும், காற்று வராது, மனை விலை இறங்கும், வாடகைக்கு யார் யாரோ வருவார்கள் என்பவை தம்மளவில் எந்த விதியையும் மீறவில்லை. இவற்றை எழுதினால் பொறாமை மனு என்று ஒதுக்கிவிடுவார்கள். கடைசிக் காரணத்தை எழுதவே கூடாது.

தகவல் உரிமை மனு

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 6(1)-இன்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் அனுமதித்தீர்கள்?" "இது சரியா?" என்று கேட்டால், விளக்கம் தகவல் ஆகாது என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்:

"1. இன்ன கிராமம், சர்வே எண் இன்னதில் அமைந்த மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் சான்றிட்ட நகல். 2. அதன் சாலை, பூங்கா இடங்களுக்கான தானப் பத்திரங்களின் நகல். 3. அசையாச் சொத்துப் பதிவேட்டில் மேற்படி இடங்கள் பதிவான பக்கத்தின் நகல். 4. எனது இன்ன தேதி மனுவின் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல். 5. மேற்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி."

ஐந்தாவதை விட்டுவிடாதீர்கள். நகல் கேட்டால் அவர்கள் தேர்ந்தெடுத்த பக்கம் வரும். நேரில் பார்த்தால் முழுக் கோப்பும் கண்ணில் படும்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். தகவலை மறுப்பதற்கான காரணங்களைச் சட்டம் 8, 9 பிரிவுகளில் பட்டியலிட்டிருக்கிறது. கோப்பு காணாமல் போனது அதில் இல்லை. மேல்முறையீட்டில் இந்த ஒரு வரியை எழுதினால் போதும், கோப்பு பெரும்பாலும் எங்கிருந்தோ கிளம்பி வரும். தனியார் கட்டட வரைபடத்தை மூன்றாம் நபர் தகவல் என்று மறுத்தால் படத்தை விட்டுவிட்டு, அனுமதி எண், தளங்கள், உயரம், நான்கு பக்க இடைவெளி, நிறைவுச் சான்று வழங்கப்பட்டதா என்பவற்றை மட்டும் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

மனுவின் உடல்

ஒரு மனுவுக்கு ஒரே பொருள். குப்பை, தெருவிளக்கு, பூங்கா ஆக்கிரமிப்பு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் தெருவிளக்கைப் போட்டுவிட்டு "மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள். பொருள் வரியில் சர்வே எண்ணும் அனுமதி எண்ணும். பார்வையில் முந்தைய மனுக்களின் தேதியும் ந.க. எண்ணும். பிறகு நடந்தது, தேதி வாரியாக. பிறகு மீறப்பட்ட விதி. கடைசியில் கோரிக்கை, செய்து முடித்ததா இல்லையா என்று சரிபார்க்கக்கூடிய வகையில்: "கூட்டுப் புலத்தணிக்கை (சம்பந்தப்பட்ட துறையினர் சேர்ந்து நேரில் பார்வையிடுவது) செய்து, நில அளவையர் அறிக்கையின் நகலை எங்களுக்கு வழங்கவும்." இரண்டு பக்கம் போதும். கையெழுத்துப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் கதவு எண் வேண்டும். ஒருவர் "நான் போடவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் போதும், முழு மனுவும் சந்தேகத்துக்குள்ளாகும். வீட்டில் இல்லாதவருக்காக அவர் மகன் போடும் கையெழுத்துதான் இங்கே வழக்கமான வினை.

தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். நகல் அனுப்புகிறோம் என்று முதலமைச்சர் முதல் கவுன்சிலர் வரை பதினைந்து பேர் பெயரைப் போடாதீர்கள். பதினைந்து அலுவலகமும் அதை ஒரே நகராட்சிக்கு மாற்றிவிடும். எல்லோரும் மற்றவர் பார்ப்பார் என்று இருப்பார்கள்.

யாரிடம்

கவுன்சிலருக்குக் கட்டட அனுமதியில் கையெழுத்திடும் அதிகாரம் கிடையாது. அது ஆணையர் அல்லது செயல் அலுவலர், நகரமைப்புப் பிரிவு. கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது வேறு: மன்றக் கூட்டத்தில் கேள்வி எழுப்பவும், பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) இதைப் பொருளாக வைக்கவும். ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனு கொடுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அவர் பொறுப்பில் இருப்பார்.

கிராம சபையைப் பலர் வீணாக்குகிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. மைக்கைப் பிடித்துக் கத்துவதால் எதுவும் பதிவாகாது. தீர்மானத்தின் வாசகத்தை முன்கூட்டியே எழுதி, கூட்டத்துக்குச் சில நாள் முன்பே பொருளில் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். கூட்டத்தில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை அங்கேயே இருங்கள். குறைவெண் வரம்பையும் (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் உங்கள் தீர்மானம் செல்லாது என்று பிறகு சொல்ல இடம் கொடுத்ததாகும். எழுதாத பக்கத்தில் கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள், முதலமைச்சரின் உதவி மையத் தொலைபேசி எண் 1100 ஆகியவை மனுவைப் பதிவு செய்யவும் எண் வாங்கவும் நல்லவை. ஆனால் அங்கே கொடுத்த மனு, நீங்கள் யார்மீது குறை சொன்னீர்களோ அவருடைய மேசைக்கே விசாரணைக்குப் போகும். "விதிகளின்படி உள்ளது" என்று அவர் எழுதியதும் மனு முடிக்கப்படும். அதனால் நிலத்தின் பிரச்சினையை ஒரு மனுவாகவும், அதிகாரி நடவடிக்கை எடுக்காததை அவருக்கு மேலிருப்பவருக்குத் தனி மனுவாகவும் கொடுங்கள். இரண்டாவதில் கட்டடத்தைப் பற்றி வாதாடாதீர்கள். "இன்ன தேதியில் மனு, இன்ன தேதியில் நினைவூட்டல், 90 நாளாகப் புலத்தணிக்கை இல்லை" என்பது மட்டும் போதும்.

நடத்தை பற்றிய புகார்

கவுன்சிலரின் உறவினர் ஒப்பந்ததாரர், கூட்டத்தில் பேச்சே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது, மன்றத் தீர்மானத்தில் தேதி முரண்படுகிறது போன்றவற்றுக்குக் கூட்டப் பொருள், வருகைப் பதிவேடு, தீர்மான நகல் மூன்றையும் வாங்கி ஒப்பிட்ட பிறகு எழுதுங்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளின் முறைகேடுகளை விசாரிக்க 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. பணம் கேட்டால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், கொடுக்கும் முன்பே. கட்டாயத்தால் கொடுத்துவிட்டிருந்தால் ஏழு நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிச் சொல்லாவிட்டால் கொடுத்தவரும் குற்றவாளி.

"இவர் லஞ்சம் வாங்கினார்" என்று ஆதாரமில்லாமல் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பதும் அவதூறுச் சட்டத்தில் ஒன்றல்ல. இரண்டாவதற்குப் பாதுகாப்பு உண்டு. முதலாவதற்கு வக்கீல் நோட்டீஸ் வரும், அதன் பிறகு சங்கத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மற்ற கதவுகள்

500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால் திட்டம் ரெரா என்னும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படமே கிடைக்கும், தகவல் உரிமை மனுவுக்குக் காத்திருக்க வேண்டாம். வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்காமல் பொது இடத் திட்டத்தை மாற்ற முடியாது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்பு என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை எதிர்க்க தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாள், தாமதத்துக்குக் காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்குப் பிறகு எவ்வளவு நியாயமிருந்தாலும் கதவு மூடியதுதான்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டால், முதல் கட்டத்தில் பெரும்பாலும் கிடைப்பது "மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்தில் பரிசீலிக்கவும்" என்ற உத்தரவு. பரிசீலிக்க ஒரு மனு முன்பே இருந்தாக வேண்டும், அதில் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். முத்திரை விழுந்த நகலைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகவும்தான்.

இடிப்பு உத்தரவே வந்தாலும் மறுநாள் இயந்திரம் வராது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதற்குள் கட்டியவர் அரசிடம் மேல்முறையீடு செய்து தடை வாங்கியிருப்பார். அதிகாரி "தடை இருக்கிறது" என்று வாயால் சொன்னால் நம்பித் திரும்பிவிடாதீர்கள். தடை ஆணையின் எண், தேதி, அது எந்த நாள் வரை என்பதைப் புதிய தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். காலாவதியான தடையைக் காட்டியே வருஷங்கள் ஓடிய கோப்புகள் உண்டு.